‘நான் அங்கேயே சாப்பிட்டுவிட்டேன்’

கேள்வி: எனக்கு 34 வயது. கணவர் பிரிந்து போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவரிடமிருந்து பணம் எதுவும் வருவதில்லை. 11 வயதில் மகள், 4 வயதில் மகன். இரண்டு இடங்களில் வேலை பார்க்கிறேன்; எத்தனை மணி நேரம் வேலையோ அதற்குத்தான் கூலி. வாடகை, மின்கட்டணம், மகனைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுப்பது எல்லாம் போக மிஞ்சுவதில்தான் சாப்பாடு. மாதத்தின் கடைசிப் பத்து நாட்கள் நான் ஒருவேளைதான் சாப்பிடுகிறேன். பிள்ளைகள் கேட்டால் ‘நான் அங்கேயே சாப்பிட்டுவிட்டேன்’ என்று சொல்லிவிடுவேன். சென்ற வாரம் மாடிப்படி ஏறும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று இரவு மகன், மறுநாளைக்கும் சேர்த்து வைத்திருந்த பாலைக் கொட்டிவிட்டான். அடித்துவிட்டேன். அதற்கு முன் நான் அவனை அடித்ததே இல்லை. இப்போது மகளும் ‘எனக்குப் பசிக்கவில்லை’ என்று தட்டைத் தம்பி பக்கம் தள்ளுகிறாள். ஒருவேளைச் சாப்பாட்டோடு ஓர் உடம்பு எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? குறைந்த செலவில் வயிறு நிறைய என்ன வழி? மகளிடம் உண்மையைச் சொல்லலாமா? பள்ளியில் இலவச உணவுக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். வருமானம், தந்தை பெயர், அவர் இருக்கும் இடம் எல்லாம் கேட்டிருந்தது. மடித்து வைத்துவிட்டேன். மகளின் வகுப்பாசிரியர் நல்லவர்தான்; ஆனாலும் கை நீட்டுவதற்கு மனம் வரவில்லை. எனக்கு வீடு நடத்தத் தெரியவில்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட முடியவில்லை என்று எழுத்தில் கொடுத்தால் அவர்களை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஏதாவது ஓர் எண்ணைச் சொன்னால் அந்த எண் வரைக்கும் நீங்கள் போய்ப் பார்த்துவிடுவீர்கள். ஊட்டச்சத்து ஆலோசகராக இத்தனை ஆண்டுகள் உட்கார்ந்திருந்ததில் உங்களைப் போன்ற தாய்மார்களை எனக்கு நன்றாகத் தெரியும். பத்து நாள் என்றால் பதினோராவது நாளையும் இழுத்துப் பிடிப்பவர்கள் அவர்கள்.

இரண்டாவது கேள்விக்குப் போகுமுன் அந்தப் பாலைப் பற்றிப் பேசிவிடலாம். கடிதத்தில் அந்த இடத்தில் மட்டும் உங்கள் கையெழுத்து மாறியிருக்கிறது. நீங்கள் கெட்ட தாயாகிவிட்டதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குப் பட்டது.

1944-ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று கண்டறிவது நோக்கம். நல்ல உடல்நலமும் மனநலமும் உள்ள 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு அரைப் பட்டினி. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,600 கலோரி. எடையில் கால் பங்கு கரைந்தது எதிர்பார்த்ததுதான். மனம் போன போக்குதான் பலரும் எதிர்பாராதது. சாந்தமாக இருந்தவர்கள் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார்கள். வெயில் காலத்திலும் குளிருகிறது என்றார்கள். தட்டை வழித்து நக்கினார்கள். சமையல் குறிப்புப் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். மற்ற எதிலும் மனம் செல்லவில்லை. இவ்வளவுக்கும் அவர்களுக்கு வாடகைக் கவலை இல்லை. கால்களைக் கட்டிக்கொண்டு அழ ஒரு நாலு வயதுப் பிள்ளையும் இல்லை.

அன்று உங்கள் கை ஓங்கியதை நான் சரி என்று சொல்லவில்லை. ஒரே ஒருமுறை மகனிடம் ‘அம்மா அடித்தது தப்பு’ என்று சொல்லிவிடுங்கள். நாலு வயதுக்கு அது போதும். ஆனால் அந்தக் கையை ஓங்க வைத்தது உங்கள் குணமா என்று இரவெல்லாம் யோசிக்காதீர்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர் கண்ணெதிரே, நாளைக்கும் சேர்த்து வைத்திருந்த பால் தரையில் ஓடியிருக்கிறது. வயிறு நிறைந்திருந்தால் துணியை எடுத்துத் துடைத்திருப்பீர்கள்.

இனி நீங்கள் செய்துகொண்டிருக்கும் கணக்கு. மூவரில் ஒருவர் குறைத்துக்கொண்டால் இருவருக்குப் போதும் என்பது உங்கள் கணக்கு. ‘வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளை வளர்த்தாள்’ என்று நம் மொழியில் ஒரு பாராட்டு உண்டு. நானும் ஒரு காலத்தில் அதை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது கேட்டால் எரிச்சலாக வருகிறது. கட்டிய வயிறு யாருடையது, கட்டும்படி விட்டவர்கள் யார் என்று கேட்காமல் நகர்ந்துபோக வசதியான பாராட்டு அது.

2003-ல் கனடாவில் ஓர் ஆய்வு வெளியானது. அந்நாட்டின் கிழக்குக் கடலோர மாகாணங்களில், துணையில்லாமல் குறைந்தது இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் 141 ஏழைத் தாய்மாரிடம் ஒரு மாதம் முழுக்க வாரந்தோறும் போய், முந்தைய நாள் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக் குறித்தார்கள். மாதம் முழுக்கவே தாயின் உணவு பிள்ளைகளின் உணவைவிட மட்டமாக இருந்தது. பணம் கைக்கு வந்த வாரத்திலிருந்து பணம் தீர்ந்த வாரத்துக்குப் போகப் போக அந்த இடைவெளி விரிந்தது. பிள்ளைகளின் உணவோ மாதத் தொடக்கத்தில் இருந்த அளவிலேயே ஏறத்தாழ நின்றது. ஆக, வீட்டுக்கு வரும் இடியையெல்லாம் தாயின் உடம்பு வாங்கிக்கொண்டிருந்தது. உங்கள் ‘கடைசிப் பத்து நாட்கள்’ என்ற வரியைப் படித்ததும் எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. உங்களுக்கு வீடு நடத்தத் தெரியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. வாடகையை இந்த மாதம் முக்கால்வாசி கொடுக்கிறேன் என்று சொல்ல முடியாது. மின்கட்டணமும் அப்படித்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்காவிட்டால் வேலைக்கே போக முடியாது. யாரிடமும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல் வெட்டக்கூடிய ஒரே செலவு உங்கள் தட்டு. இரண்டு பெரியவர்கள் இருக்கும் ஏழை வீட்டிலும் பசி உண்டு. ஆனால் அங்கே ஒருவர் தட்டில் ஒன்றும் இல்லை என்பதை மற்றவர் பார்த்துவிடுவார். ‘நீ சாப்பிட்டாயா’ என்று கேட்டுவிட்டு, வந்த பதிலை நம்பாமல் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார். உங்கள் வீட்டில் வருமானமும் ஒன்று, அடுப்படிக்குப் போகும் கையும் ஒன்று, பார்க்கும் கண் மட்டும் இல்லை.

இல்லை என்றா சொன்னேன்? இருக்கிறது. 11 வயதில் இருக்கிறது. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் உடம்பு. கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததைப் பசி என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். இருக்கலாம். ரத்தசோகையாகவும் இருக்கலாம், ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். இந்த வாரமே அருகில் உள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் வயதுக்கு அந்தக் கோடு 11.5. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் சாப்பிட்டவுடன் தேநீரோ காப்பியோ குடிக்காதீர்கள். உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அவை தடை போடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். புளிப்புப் பழம் ஒரு துண்டு கிடைத்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இரும்பை உள்ளே இழுக்கும். பசியை அமுக்க நாளெல்லாம் தேநீர் குடிப்பது உங்களைப் போன்றவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் பழக்கம். வயிற்றை ஏமாற்றலாம், ரத்தத்தை ஏமாற்ற முடியாது.

டாக்டரிடம் போய் ‘தலைசுற்றுகிறது’ என்று மட்டும் சொன்னால் தலைசுற்றலுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார். பசியைச் சொல்ல வார்த்தை வேண்டும். அது ஏற்கெனவே இருக்கிறது. அதைச் செய்து கொடுத்தவர்களும் உங்களைப் போன்ற பெண்கள்தான். 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூயார்க் மாநிலத்தின் ஏழைப் பெண்களிடம் உட்கார்ந்து, பசி என்றால் உங்களுக்கு என்ன என்று கேட்டார்கள். அந்தப் பெண்கள் சொன்னதில் ஒரு வரிசை தெரிந்தது. முதலில் கவலை வருகிறது, பிறகு உணவின் தரம் குறைகிறது, பிறகு அளவு குறைகிறது. அதிலும் பெரியவர்களுக்கு முதலில், பிள்ளைகளுக்குக் கடைசியில். பின்னாளில் பசியை அளக்க வந்த கேள்வித்தாள்களுக்கு அந்தப் பேச்சுகள் அடித்தளமாயின.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2014 முதல் 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் கேட்டுவரும் எட்டுக் கேள்விகள் அந்த வழியில் வந்தவை. கடந்த 12 மாதங்களில், பணமோ வசதியோ இல்லாததால், போதிய உணவு இருக்காதோ என்று கவலைப்பட்டீர்களா? சத்தான உணவு சாப்பிட முடியாமல் போனதா? ஒரு சில வகைகளையே திரும்பத் திரும்பச் சாப்பிட்டீர்களா? ஒருவேளையை விட்டீர்களா? சாப்பிட வேண்டியதைவிடக் குறைவாகச் சாப்பிட்டீர்களா? வீட்டில் உணவு தீர்ந்துபோனதா? பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா? ஒரு முழு நாள் பட்டினி கிடந்தீர்களா? உங்கள் கடிதத்தை வைத்து நானே எண்ணிப் பார்த்தேன். கடைசிக் கேள்வியைத் தவிர மற்ற ஏழுக்கும் ‘ஆம்’ என்றுதான் வருகிறது. டாக்டரிடமும் உதவி கேட்கும் இடத்திலும் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்: ‘பணம் இல்லாததால் மாதத்தில் பத்து நாள் ஒருவேளைதான் சாப்பிடுகிறேன்.’ கஷ்டமாக இருக்கிறது என்ற பொதுப் பேச்சை யாரும் குறித்துக்கொள்வதில்லை. நாளும் வேளையும் சொன்னால் குறித்துத்தான் ஆக வேண்டும்.

மகனுக்கு 4 வயது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மேல்கைச் சுற்றளவை நாடாவால் அளக்கும் ஒரு முறை உண்டு. மருத்துவ நிலையத்தில் கேட்டால் அரை நிமிடத்தில் அளந்து சொல்வார்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் 12.5 செ.மீ.க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும், 11.5-க்குக் கீழே என்றால் அன்றைக்கே சிகிச்சை. நீங்கள் அவனுக்குக் குறைக்கவில்லை என்பதால் அவன் சரியாகவே இருப்பான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் அளந்துவிடுங்கள், அந்தக் கவலையாவது குறையும். (இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால் ஒரு வார்த்தை: பால்மாவு தீர்ந்துவிடக் கூடாதே என்று டப்பாவில் சொன்னதைவிட அதிகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். குழந்தைக்குச் சத்து போய்ச் சேராது. ரத்தத்தில் உப்புச் சத்து தாழ்ந்து வலிப்பு வரைக்கும் போகும்.)

குறைந்த செலவில் வயிறு நிறைய வழி கேட்டிருக்கிறீர்கள். சிக்கனத்தைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க நான் யார்? உங்களைப் போல் விலை தெரிந்தவர் ஒரு வகுப்பில் இருந்தால் நான் பின்வரிசையில் போய் உட்கார வேண்டியதுதான். இரண்டே விஷயங்களை மட்டும் சொல்கிறேன். தானியமும் பருப்பு வகையும் சேர்ந்தால் ஒன்றின் புரதத்தில் குறைவதை மற்றது நிரப்பும். விலைக்கு மிகுந்த சத்து என்று பார்த்தால் பல இடங்களில் பருப்புக்கும் முட்டைக்கும் ஈடு அதிகம் இல்லை. இது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாவதுதான் முக்கியம். கூலி கைக்கு வரும் நாளில், முதல் வாரத்துக்கு வாங்குவதற்கு முன்னால் கடைசி வாரத்துக்கு வாங்குங்கள். கெட்டுப்போகாத தானியம், பருப்பு, எண்ணெய், மூன்று பேருக்கும் ஏழு நாளைக்கு. பையைக் கட்டிக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். இதனால் மாதத்தின் பணம் ஒரு காசும் கூடாது. முதல் மூன்று வாரங்களும் கொஞ்சம் இறுகும், மூவருக்கும் இறுகும். இப்போது நடப்பது என்னவென்றால் பற்றாக்குறை முழுவதும் கடைசிப் பத்து நாளில் உங்கள் ஒருவர் தலையில் விழுகிறது. அதை முப்பது நாளுக்கும் பரப்பினால் நீங்கள் ஒருவரே அதைச் சுமக்க வேண்டியிருக்காது. சில மாதங்களில் பை கட்டவே வழி இருக்காது. அப்போது பாதிப் பை கட்டுங்கள்.

தட்டில் போடும் வரிசையையும் மாற்றுங்கள். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, மிஞ்சியதை அடுப்படியில் நின்றபடியே பாத்திரத்திலிருந்து வழித்துச் சாப்பிடுவது உங்கள் வழக்கமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். கடிதத்தில் அது இல்லை. ஆனால் என் முன்னால் உட்கார்ந்த பெண்கள் அனேகமாக எல்லோருமே அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். மூன்று தட்டுகளை வரிசையாக வைத்து, மூன்றிலும் ஒரே நேரத்தில் பரிமாறுங்கள். அளவு வேறுபடலாம். ஆனால் உங்கள் தட்டு காலியாக இருக்கக் கூடாது, அதில் இருப்பது மிச்சமாகவும் இருக்கக் கூடாது.

இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உங்கள் மகள்.

‘அங்கேயே சாப்பிட்டுவிட்டேன்’ என்று நீங்கள் சொன்ன முதல் நாளே அவள் நம்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உணவுத் தட்டுப்பாடுள்ள வீட்டுப் பிள்ளைகளிடமே நேராகப் பேசினார்கள். பெற்றோர் மறைத்ததாக நினைத்த பலவும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அதோடு நிற்கவில்லை, தாங்களும் குறைத்துச் சாப்பிட்டார்கள், பிறருக்காக விட்டுக்கொடுத்தார்கள், சம்பாதிக்க வழி தேடினார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவை அவை.

என்னிடம் வந்த ஒரு தாய் சொன்னது இன்னும் மனத்தில் இருக்கிறது. அவரும் உங்களைப் போலவே பொய் சொல்லி வந்தவர். ஒரு நாள் மகளின் பள்ளிப் பையைச் சுத்தம் செய்தபோது ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி தேதியாகச் சின்னக் கோடுகள் இருந்தன. சில நாட்களில் மூன்று, சில நாட்களில் இரண்டு, ஒன்று. என்ன இது என்று கேட்டதற்கு, ‘நீ சாப்பிடுவதை நான் பார்த்த வேளைகள்’ என்றாளாம் அந்தப் பெண். ஒன்பது வயது அவளுக்கு.

உங்கள் மகள் தட்டைத் தள்ளும் விதம் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. ‘பசிக்கவில்லை’ என்ற சொல்லும் உங்களுடையதே. அவள் வயதில் அது உங்களைவிட அவளுக்கு அதிகச் சேதம். 11 வயதில் எலும்பு நீளும் வேகம் வேறு, மாதவிடாய் தொடங்கும் காலம் வேறு. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் உடம்புக்கு அதிகம் தேவைப்படும் ஆண்டுகளில் அவள் இருக்கிறாள். நீங்கள் அவளுக்காகச் சேமித்ததை அவள் தம்பிக்கு ஒப்படைத்துவிட்டாள். உங்கள் கணக்கு அங்கேதான் உடைகிறது.

எனவே, ஆம், அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள். முழுக் கணக்கையும் கொட்ட வேண்டாம். எவ்வளவு கடன், அப்பா என்ன செய்தார் என்பதெல்லாம் அவள் தோளுக்கு அதிகம். தம்பி தூங்கிய பிறகு, அருகருகே உட்கார்ந்து, இந்த அளவுக்குச் சொன்னால் போதும்: ‘சில நாட்கள் நான் சாப்பிடாமல் சாப்பிட்டதாகச் சொன்னேன். உனக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியும். இனி அப்படிச் சொல்ல மாட்டேன். பணம் குறைவாக இருக்கிறது. அதைச் சரிசெய்வது என் பொறுப்பு, சிலரிடம் உதவி கேட்கப் போகிறேன். உன் தட்டில் இருப்பது உனக்கு.’ அவள் அழலாம். ஒன்றும் சொல்லாமல் எழுந்தும் போகலாம். பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். அவள் செய்ததைத் ‘தியாகம்’ என்று மட்டும் புகழ்ந்துவிடாதீர்கள். புகழ்ந்தால் மறுநாளும் தள்ளுவாள்.

‘உதவி கேட்கப் போகிறேன்’ என்று அவளிடம் சொல்லிவிட்டால் கேட்டுத்தான் ஆக வேண்டும். மடித்து வைத்த விண்ணப்பத்தை எடுங்கள். உலகம் முழுவதும் 40 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள். உங்கள் மகள் அதில் சேர்வதால் அவளுக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. ஒருவேளை பள்ளியில் கிடைத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ இருபது வேளை வீட்டில் மிஞ்சும். அது உங்கள் தட்டுக்கு வர வேண்டும், மறந்துவிடாதீர்கள். தந்தை இருக்கும் இடம் தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். ‘பிரிந்து வாழ்கிறோம், பண உதவி இல்லை’ என்று பக்கத்தில் எழுதினால் பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கும். மகளின் வகுப்பாசிரியர் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்களே, தாளை அவர் கையிலேயே கொடுங்கள். அலுவலக ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்று உரக்கப் பதில் சொல்ல வைக்கும் இடங்கள் இருக்கின்றன. உணவுப் பொட்டலத்தோடு புகைப்படத்துக்கு நிற்கச் சொல்லும் ‘கொடையாளர்கள்’ இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் ‘படம் வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பயத்தினாலேயே மருத்துவமனைப் பக்கம் வராத தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். 2009-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: பொருளாதார வறுமை மட்டுமே காரணமாக ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது, அந்த வறுமையை, குடும்பத்துக்கு உதவி தேவை என்பதற்கான அறிகுறியாகக் கொள்ள வேண்டும். நெறி வேறு, உங்கள் இடத்துச் சட்டம் வேறு. ஆகவே மனத்தில் சிறிது சந்தேகம் இருந்தாலும் விண்ணப்பத்துக்கு முன்பே இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். நடைமுறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். மருத்துவச் சீட்டு, உதவி கேட்டு எழுதிய தாள், பள்ளி வருகைப் பதிவு, இவை கையில் இருக்கும் தாய் பிள்ளையைக் கவனிப்பவர் என்றுதான் எவரும் படிப்பார்கள். எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள்.

அங்கே போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள். கணவரிடமிருந்து பணம் வரவில்லை என்பதை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள், மழை பெய்யவில்லை என்பதுபோல. 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 27-ஆவது பிரிவில், பிள்ளையின் பராமரிப்புத் தொகையைப் பெற்றோரிடமிருந்து வசூலித்துத் தரும் பொறுப்பை அரசுகள்மீது வைத்திருக்கிறது. அந்தப் பெற்றோர் வேறு நாட்டில் இருந்தாலும் அப்படித்தான். அவர் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். விழிக்க வேண்டாம், வக்கீல் விழித்துக்கொள்வார். அது உங்களுக்கு அவர் தரும் பணம் அல்ல, பிள்ளைகளின் பணம். அவரால் உங்களுக்கு அடி, மிரட்டல் என்று ஏதாவது இருந்தால் மட்டும் அதை முதலில் வக்கீலிடம் சொல்லிவிட்டு அவர் சொல்படி நடந்துகொள்ளுங்கள்.

‘கை நீட்டுவது’ என்று நீங்கள் எழுதியிருந்த சொல்லையும் விட மனமில்லை. 1948-ன் மனித உரிமைப் பிரகடனம் 25-ஆம் பிரிவில் உணவை உரிமைகளில் ஒன்றாக எழுதிவிட்டு, அதே பிரிவில் தாய்மைக்கும் குழந்தைப் பருவத்துக்கும் தனிக் கவனிப்பும் உதவியும் உண்டு என்று சேர்த்திருக்கிறது. அதை எழுதியவர்கள் ஒரு பெரும் போரின் பட்டினியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்கள். அந்தத் தாள் மட்டும் உங்கள் பாத்திரத்தை நிரப்பாது, தெரியும். ஜன்னலுக்கு வெளியே நிற்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து நிற்க அது உதவினால் சரி.

இந்த வாரத்துக்கு மட்டும் வரிசை சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் போய் வேலைக் கூலியை இழக்காதீர்கள். வேலை இல்லாத முதல் அரை நாளில் உங்களுக்கும் மகளுக்கும் ரத்தப் பரிசோதனை, மகனுக்குக் கைச் சுற்றளவு. மறுநாள் காலை விண்ணப்பம், ஆசிரியர் கையில். சட்ட உதவி மையம் அடுத்த வாரம் போகலாம்; பிள்ளைகளைப் பற்றிய அந்தச் சந்தேகம் போகவில்லை என்றால் மட்டும் முதலில் மையம், பிறகு விண்ணப்பம். அதுவரை வெறும் வயிற்றோடு மகனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறாதீர்கள்; மகள் கையைப் பிடித்துக்கொண்டு அவனே ஏறட்டும். மறுபடி கண்ணை இருட்டினால் உடனே உட்கார்ந்து, தலையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். மார்வலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால், அல்லது நினைவு தப்பினால், பசி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் அவசரச் சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

இன்று இரவு மூன்று தட்டுகள். மகள் உடனே சாப்பிட மாட்டாள், உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைச் சாப்பிடு சாப்பிடு என்று சொல்லாமல் நீங்கள் முதலில் ஆரம்பியுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். மாத்திரை எவ்வளவு நாள் என்று பார்த்துச் சொல்கிறேன்.